கடப்பதும் கடத்துவதும்

'டிரம்' என்று சொன்னால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முதலில் ஞாபகம் வருவது இசைக்கருவி அல்ல. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று நீண்டு கிடக்கிற தோல்ஷாப்புகளில் டிரம் என்றால் ஆள் உயரத்துக்கும் மேலான மரப்பீப்பாய். உள்ளே தோலும் தண்ணியும் குரோமும் போட்டு மூடிச் சுற்றவிடுவார்கள். வெளியே வரும்போது தோல் நீலமாக வரும். என் நைனா முப்பது வருஷம் அந்த டிரம்முக்குள் தோல் போட்டார், எடுத்தார். அதுவும் ராத்திரி பகலாகச் சத்தம் போடுகிற கருவிதான். அதை யாரும் இசை என்று சொன்னதில்லை, அதற்கு விழா எடுத்ததும் இல்லை.

எங்கள் குடும்பத்தில் இன்னொரு தோலும் இருந்தது. பெரியப்பாவின் பறை. நான் கைக்குழந்தையாக இருந்த காலத்தில், ஊர்ச் சாவுக்கு இனிமேல் அடிப்பதில்லை என்று எங்கள் தெரு வாலிபர்கள் சங்கம் கூடி முடிவெடுத்தார்கள். ஊர்க்காரர்கள் நிலத்தில் வேலை தரமாட்டோம் என்றார்கள். கடையில் கடன் நின்றது. தெரு மொத்தமும் தோல்ஷாப்பை நோக்கி நடந்தது. பெரியப்பா பறையை அட்டத்தில் போட்டார். அதில் எலி ஓட்டை போட்டதைப் பார்த்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். அந்த ஓட்டையின் வழியாகத்தான் நான் பள்ளிக்கூடம் போனேன், எம்.ஏ. தமிழ் படித்தேன் என்று சொன்னால் அது வெறும் பேச்சழகு இல்லை. பறை அடிக்கிற வீட்டுப் பையனாக இருந்திருந்தால் ஊரில் ஒவ்வொரு சாவுக்கும் என்னையும் குச்சியோடு கூப்பிட்டிருப்பார்கள்.

கொஞ்ச காலத்துக்கு முன்னால் பக்கத்து டவுனில் ஒரு கல்லூரியின் கலை விழாவுக்குப் பறை கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும் என்று மூன்று பையன்கள் என்னைத் தேடி வந்தார்கள். கல்லூரியில் ராக் பேண்டு வைத்திருக்கிற பிள்ளைகள். ஒருவன் கிடார், ஒருவன் கீபோர்டு, ஒருவன் டிரம்ஸ். மூன்று பேரும் ஊர்த்தெருப் பிள்ளைகள். இங்கிலீஷ் பாட்டு அலுத்துவிட்டது, மண்ணின் இசைக்கு வரவேண்டும் என்றார்கள். அதில் பொய் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பெரியப்பாவிடம் கூட்டிப்போனேன். கிடார் வாசிக்கிறவன், "தாத்தா, இதுதாங்க நம்ம வேர்" என்றான். பெரியப்பா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வேரா? எங்க கழுத்துல கட்ன கல்லுபா அது. அவுத்துப் போட எம்மாம் பாடுபட்டோம் தெரியுமா? இப்ப நீ வந்து வேருன்ற."

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் தேடுகிற முயற்சிதான். அந்தப் பையன் செய்ய வந்தது தப்பா? தப்பு இல்லை என்றால் பெரியப்பாவுக்கு வலித்தது எதனால்? ஒரு இசையிலிருந்து இன்னொரு இசைக்குக் கடந்து வருகிறவன், அந்த இசையைச் சுமந்தவர்களுக்கு என்ன கடன்பட்டிருக்கிறான்?

2

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உள்ளது அல்ல. அமெரிக்காவில் ராக் இசைக்காரர்கள் 'கன்ட்ரி' என்கிற அவர்கள் நாட்டுப்புற இசைக்கு மாறுவது அறுபது வருஷமாக நடந்துவருகிற சங்கதி. 1968ல் பேர்ட்ஸ் என்கிற ராக் குழு ஒரு முழு கன்ட்ரி இசைத்தட்டைக் கொண்டுவந்தது. 1969ல் பாப் டிலன் கன்ட்ரியின் தலைநகரான நாஷ்வில் பெயரையே வைத்து ஒரு இசைத்தட்டு போட்டார். வெள்ளைக்கார ராக் பாடகன் கன்ட்ரிக்கு வந்தால் பழைய ரசிகர்கள் முதலில் முணுமுணுப்பார்கள். பிறகு 'வேரைத் தேடிப் போனவன்' என்ற பட்டம் கிடைக்கும். போனவன் திரும்பியும் வரலாம், கதவு இரண்டு பக்கமும் திறந்தே இருக்கும்.

ஆனால் அந்த இசை யாருடையது? கன்ட்ரியின் அடையாளமாகச் சொல்கிற பேஞ்சோ, அடிமைகளாகப் பிடித்துவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் நினைவிலிருந்து செய்யப்பட்ட கருவி. சுரைக்குடுக்கையின் வாயில் தோலை இழுத்துக் கட்டினால் அதன் ஆதி வடிவம். அங்கேயும் தோல்தான். தெற்கத்திய ஏழைகள், கறுப்பரும் வெள்ளையரும், ஒரே மாதிரிப் பாட்டுகளை ஒரே மாதிரிக் கருவிகளில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். 1920களில் இசைத்தட்டுக் கம்பெனிகள்தான் சந்தைக்காக அதைப் பிரித்தன. கறுப்பன் பாடினால் 'ரேஸ் ரெக்கார்டு', வெள்ளையன் பாடினால் 'ஹில்பில்லி'. மெட்டைக் கேட்டுப் பிரிக்கவில்லை. தோலின் நிறத்தைப் பார்த்துப் பிரித்தார்கள். அந்த ஹில்பில்லிதான் பின்னால் கன்ட்ரி என்று பேர் மாற்றிக்கொண்டது.

டிஃபோர்டு பெய்லி என்று ஒரு கறுப்பர். நாஷ்வில்லின் புகழ்பெற்ற 'கிராண்ட் ஓலே ஆப்ரி' வானொலி நிகழ்ச்சியின் ஆரம்பகால நட்சத்திரம், மவுத் ஆர்கன் வாசிப்பவர். ஆப்ரி மேடையில் புகழ், ஊர் ஊராகப் போனால் ஓட்டலில் இடமில்லை. 1941ல் அவரை நிகழ்ச்சியிலிருந்து நீக்கினார்கள். பிறகு அவர் நாஷ்வில்லில் ஷூ பாலிஷ் போட்டுப் பிழைத்தார். 1982ல் செத்துப்போனார். 2005ல் கன்ட்ரி இசையின் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். ஷூவுக்குத் தோல் பதனிடுகிற ஊரில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போது நமக்கு எதுவும் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

ராக்கிலிருந்து கன்ட்ரிக்குக் கடந்த கறுப்பரும் உண்டு. 'ஹூட்டி அண்ட் த ப்ளோஃபிஷ்' ராக் குழுவின் பாடகர் டேரியஸ் ரக்கர் 2008ல் கன்ட்ரிக்கு வந்தார். அவர் பாட்டு முதலிடத்துக்குப் போனபோது, சார்லி பிரைடுக்குப் பிறகு கால் நூற்றாண்டு கழித்து ஒரு கறுப்பர் அந்த இடத்துக்கு வந்திருக்கிறார் என்று எழுதினார்கள். 2019ல் லில் நாஸ் எக்ஸ் என்ற கறுப்பு இளைஞனின் பாட்டை, இதில் போதிய கன்ட்ரி இல்லை என்று சொல்லி பில்போர்டு பத்திரிகை கன்ட்ரி பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. பியான்சே 2024ல் கன்ட்ரி இசைத்தொகுப்பு வெளியிட்டார். 2025 பிப்ரவரியில் கிராமி அதைச் சிறந்த கன்ட்ரி தொகுப்பாகவும் அந்த வருஷத்தின் சிறந்த தொகுப்பாகவும் தேர்ந்தெடுத்தது. நாஷ்வில்லின் கன்ட்ரி சங்க விருதுகளிலோ 2024ல் அவர் பெயர் பரிந்துரைப் பட்டியலில்கூட வரவில்லை.

வெள்ளை ராக் பாடகன் கடந்தால் அது பயணம். கறுப்பன் தன் பாட்டன் வீட்டுக்குத் திரும்பினால் வாசலில் நிறுத்திச் சான்றிதழ் கேட்கிறார்கள். கடப்பது எல்லோருக்கும் ஒரே செயல் அல்ல என்பது இங்கே தெரிகிறது.

3

நம் ஊருக்கு வருவோம். இங்கே மிருதங்கத்துக்கும் தோல் வேண்டும். மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் இல்லாமல் கச்சேரி மேடையில் தாளம் இல்லை. அந்தத் தோலைத் தேடிப் பிடித்து, மயிர் நீக்கி, அறுத்து, வார் பிடித்துக் கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். டி.எம்.கிருஷ்ணா இவர்களைப் பற்றி 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற புத்தகத்தை எழுதினார். 2020ல் அதன் வெளியீட்டுக்குக் கொடுத்திருந்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. விழா வேறு இடத்தில் நடந்தது. தோல் சபாவுக்குள் போகலாம், தோலின் கதை போகக்கூடாது! கருவி மேடைக்குக் கடந்துவிட்டது, செய்தவன் பட்டறையிலேயே நின்றுவிட்டான். இதற்குக் கடத்தல் என்றுதான் பெயர். சுங்கம் கட்டாமல், எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல், சரக்கை மட்டும் எல்லை தாண்டிக் கொண்டுபோவது.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. இண்டி ராக் வகை இசையில் இருந்த டென்மாவும் இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் சேர்ந்து 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவைக் கட்டினார்கள். 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி. கிடாரும் டிரம்ஸும் ஒரு பக்கம், பறையும் சட்டியும் கானாவும் ஒரு பக்கம். பெயர், பண்டிதர் அயோத்திதாசரின் சாதியற்ற தமிழர் என்ற சிந்தனையிலிருந்து வந்தது. அங்கே கானாப் பாடகனை ராக் இசைக்காரன் தன் பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாயாக வைக்கவில்லை. சாவுவீட்டிலும் தெருமுனையிலும் பாடியவன் பேர் சொல்லி மேடையேறினான். இட ஒதுக்கீடும் மாட்டுக்கறியும் மலக்குழிச் சாவும் பாட்டுக்குப் பொருளாயின. இசை கடந்து வந்தபோது அரசியலையும் தூக்கிக்கொண்டு வந்தது.

அந்தக் குழுவிலிருந்து வந்தவர்தான் அறிவு. நம் பழைய வேலூர் மாவட்டத்து அரக்கோணத்துப் பிள்ளை. 2021 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், தீ ஆகியோருடன் அவர் சேர்ந்து செய்த 'எஞ்சாயி எஞ்சாமி' உலகமெல்லாம் போயிற்று. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை அந்தப் பாட்டுக்குள் இருந்தது. அதே வருஷம் ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இதழின் இந்தியப் பதிப்பு அந்தப் பாட்டையும் இன்னொரு பாட்டையும் பாராட்டி அட்டை போட்டது. அட்டையில் தீ இருந்தார், இன்னொரு பாடகர் இருந்தார். எழுதிப் பாடிய அறிவு இல்லை. இரஞ்சித் கேள்வி கேட்டார், சத்தம் எழுந்தது, பிறகு அறிவுக்குத் தனியாக ஒரு அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு அறிவு இல்லாமலேயே மேடையேறியது. பாட்டு யாருடைய உழைப்பு என்று அறிவு ஒன்று சொன்னார். சந்தோஷ் நாராயணனும் தீயும் தங்கள் பக்கத்தைச் சொன்னார்கள், அறிவுக்குரிய இடத்தை எப்போதும் கொடுத்தே வந்திருக்கிறோம் என்றார்கள். 2024ல் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டால் தங்களில் யாருக்கும் ஒரு பைசா வரவில்லை என்று வெளியிட்ட நிறுவனத்தைக் குறை சொன்னார். அவர்களுக்கு நடுவில் தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. என் கவலை வேறு. ஒரு சபையில் யாரையாவது விட்டுவிடலாம் என்று வரும்போது, யாரும் சதி செய்யாமலே, எந்தத் தலை முதலில் விடுபடுகிறது? பழக்கமே அதைச் செய்துவிடுகிறது. சாதியின் பலம் அதுதான்.

4

இப்போது இரண்டு வாதங்கள் எதிரே வந்து நிற்கும்.

முதல் வாதம்: 'இசைக்குச் சொந்தக்காரன் கிடையாது, காற்று மாதிரி.' கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம் அனுபவத்தில், யாருக்கும் சொந்தமில்லை என்று சொல்லப்பட்ட எல்லாமே கடைசியில் ஒருத்தன் பட்டாவில் போய்ச் சேர்ந்திருக்கிறது. பொறம்போக்கும் அப்படித்தான் போயிற்று. பாலாறு எல்லோருக்கும் பொது என்றார்கள். தோல் கழிவு அதில் இறங்கியது, லாபம் ஏற்றுமதிக் கணக்கில் ஏறியது. வேலூர் மக்கள் வழக்குப் போட்டு, கெடுத்தவனே செலவை ஏற்கவேண்டும் என்று உச்சநீதிமன்றம் சொல்ல 1996 ஆயிற்று. 2015 ஜனவரி கடைசி நாளில் ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து தூக்கத்திலேயே 10 தொழிலாளிகள் செத்தார்கள். பொது என்று சொல்லப்பட்டதன் சுமை யார் தலையில் விழுகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? பறை 'தமிழர் ஆதி இசை' என்று பொதுவாகிறபோதும் இதே ஆபத்து இருக்கிறது. பெருமை எல்லாத் தமிழனுக்கும், சாவுவீட்டுக் கூப்பாடு நமக்கு மட்டும்.

இரண்டாவது வாதம் நம் பக்கத்திலிருந்தே வருகிறது: 'பறை நம்முடையது, மற்றவன் தொடக்கூடாது.' கோபம் நியாயமானது. ஆனால் இதை நிதானமாக யோசிக்கவேண்டும். பிறப்பைப் பார்த்து, இவன் இந்தக் கருவியைத்தான் தொடவேண்டும், அவன் தொடக்கூடாது என்று சொல்வது யாருடைய சட்டம்? சாதியின் சட்டம். பறையைப் பிறப்போடு கட்டியவன் நாம் இல்லை. அந்தக் கட்டை நாமே இறுக்கி முடிச்சுப் போட்டால், ஊரைவிட்டு வெளியேறி வந்த நாம் திரும்ப ஊர்ச்சட்டத்துக்குள் போய் உட்கார்கிறோம் என்று அர்த்தம். நம் பெண்களையே பறை தொடவிடாத காலம் இருந்தது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் தலித் பெண்கள் தொண்ணூறுகளில் அதை எடுத்து இடுப்பில் கட்டினார்கள். அன்றைக்கு 'பொம்பள தொடக்கூடாது' என்று நாம் நின்றிருந்தால் யார் பக்கம் நின்றவர்களாயிருப்போம்?

ஆகவே சொந்தம் என்ற சொல்லை விட்டுவிட்டு, கணக்கு என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறேன். கடந்து வருகிறவனிடம் 'உனக்கு உரிமை உண்டா' என்று கேட்கவேண்டாம், 'கணக்கு இன்னாபா' என்று கேட்போம்.

முதல் கணக்கு, பெயரும் கூலியும். கற்றுக்கொடுத்தவன் பெயர், தோல் கட்டியவன் பெயர், அவன் கைக்குப் போய்ச் சேர்ந்த பணம். இது குறைந்தபட்சம்.

இரண்டாவது, வழி இரண்டு பக்கமும் திறந்திருக்கிறதா என்பது. ஊர்ப்பையன் பறைக்கு வரலாம் என்றால், சேரிப்பையன் பியானோவுக்கும் வீணைக்கும் போகமுடிகிறதா? போனால் 'கற்றுக்கொண்டான்' என்பார்களா, 'இவனுக்கு எப்படி வந்தது' என்பார்களா? பண்ணைப்புரத்திலிருந்து அண்ணன் பாவலர் வரதராசனோடு கட்சி மேடைகளில் வாசித்து வந்த இளையராஜா 1993ல் லண்டனில் சிம்பொனி பதிவு செய்தார். அது வெளிவராததை வைத்தே வருஷக்கணக்கில் நையாண்டி பேசினார்கள். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அவர் சிம்பொனியை அரங்கேற்றிய பிறகுதான் அந்த வாய்கள் மூடின. மேலிருந்து கீழே வந்தால் பெருந்தன்மை, கீழிருந்து மேலே போனால் சோதனை.

மூன்றாவது கணக்குதான் மற்ற இரண்டையும்விடப் பெரியது, மறுக்கிற உரிமை. அம்பேத்கர் 1927ல் மகாடில் செத்த மாட்டை விட்டொழியுங்கள் என்று நம் மக்களிடம் சொன்னார். இழிவைச் சுமத்தி வைத்துக்கொண்டே அந்த வேலையைப் புனிதம் என்று புகழ்வது எவ்வளவு கொடுமையான ஏமாற்று என்பதை 1945ல் காந்தியத்தை விமர்சித்து எழுதியபோது விளக்கினார். துப்புரவுத் தொழிலைப் போற்றினால் தொழிலாளிக்கு விடுதலை வராது, அவன் அதிலேயே இருக்கத்தான் அது உதவும் என்பது அவர் வாதத்தின் சாரம். பறைக்கு இது அப்படியே பொருந்தும். 1976ல் திருத்தப்பட்ட குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பேரில் ஒருவரைத் தோலுரிக்கவோ செத்த பிராணியை அகற்றவோ அதுபோன்ற வேறு வேலை செய்யவோ கட்டாயப்படுத்துவது குற்றம் என்கிறது. ஊர்ச் சாவுக்குப் பறை அடிக்க மறுத்தவர்கள் சட்டம் படித்துவிட்டு மறுக்கவில்லை. உடம்பு சொல்லி மறுத்தார்கள். 2025ல் பறைக்கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தபோது நாம் சந்தோஷப்பட்டோம், படவேண்டியதுதான். ஆனால் அடித்தவனுக்குப் பட்டயம் கிடைக்கிற நாட்டில், அடிக்கமாட்டேன் என்று பட்டினி கிடந்தவனுக்கு என்ன கிடைத்தது? அவன் செய்ததும் ஒரு கலை நிகழ்ச்சிதான். மௌனத்தை வாசித்தான். அந்த மௌனத்துக்கு ஊர் பயந்தது.

மறுக்க முடிந்தவன் விரும்பி அடிக்கும்போதுதான் அது இசை. மறுக்க முடியாதவன் அடித்தால், எத்தனை நயமாக அடித்தாலும், அது ஊழியம். கடந்து வருகிற ராக் பையனுக்கு மறுக்கிற உரிமை பிறப்பிலேயே இருக்கிறது. பிடித்தால் அடிப்பான், பிடிக்காவிட்டால் கிடாருக்குத் திரும்புவான். ஒரே தோல், ஒரே குச்சி, ஒரே அடி. ஆனால் இரண்டு கைகளில் அது இரண்டு வேறு செயல். பெரியப்பாவுக்கு வலித்தது அந்த வேறுபாடுதான்.

5

இதில் நானும் யோக்கியன் இல்லை. எனக்குப் பறை அடிக்கத் தெரியாது. பெரியப்பாவின் மறுப்பில் படித்து வந்துவிட்டு, இன்றைக்கு மேடையில் 'பறை நம் போர்க்குரல்' என்று பேசுகிறவன் நான். ஊரிலிருந்து வந்த பையனுக்கு அது வேர், எனக்கு அது கொடி. இரண்டு பேரும் அவரைக் கேட்கவில்லை. நானும் கடந்து வந்தவன்தான், நானும் கணக்குக் காட்டவேண்டியவன்தான்.

பெரியப்பா அன்றைக்கு அந்த மூன்று பேரையும் துரத்தவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு சொன்னார்: "கத்துக் குடுக்கறேன். ஆனா ஒண்ணு. எங்க தெருவுல சாவு வுழுந்தா நீ வந்து அடிக்கணும். நாங்க திண்ணையில ஒக்காந்துகினு பாப்போம். கூலி குடுப்போம், ரெண்டு கையால வாங்கிக்கணும். முடியுமா?"

பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். நான் பெரியப்பாவிடம், ஏன் அவ்வளவு கடுமையாகக் கேட்டீங்க என்றேன். "கடுமையா? நாங்க எத்தினி தலமொற செஞ்சத ஒரு நாளு கேட்டேன்" என்றார்.

மூன்று வாரம் கழித்து கிடார் வாசிக்கிறவன் மட்டும் தனியாக வந்தான். பெரியப்பா அட்டத்திலிருந்து பழைய வேப்பங்கட்டையை இறக்கினார். ஓட்டைத்தோலை உரித்துவிட்டு, புளியங்கொட்டைப் பசை காய்ச்சிப் புதுத்தோல் ஒட்டினார்கள். அடிக்குச்சி எந்தக் கை, சிண்டுக்குச்சி எந்தக் கை என்பதிலிருந்து ஆரம்பித்தார். தீயில் காட்டிய தோலை முட்டியால் தட்டிப் பார்த்தபோது, முப்பது வருஷம் கழித்து எங்கள் தெருவில் அந்த ஓசை கேட்டது. வயசானவர்கள் சிலர் வெளியே வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனார்கள். அவர்கள் மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்னும் தெரியாது.

மாசி மாசம் எங்கள் தெருவில் ஒரு கிழவி செத்துப்போனாள். பையன் வந்தான். சுமாராகத்தான் அடித்தான். பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து பார்த்தார். முந்நூறு ரூபாய் கொடுத்தார்கள், ரெண்டு கையால் வாங்கினான். கிளம்பும்போது பெரியப்பா கேட்டார்:

"ஊட்ல சொல்லிட்டு வந்தியா?"

"இன்னும் இல்ல தாத்தா."

"சொல்லிட்டு வா. அப்பால அடுத்த அடி சொல்லித் தர்றேன்."